ஜவ்பரின் அடித்தரை

தோப்பூர் வயல்வெளியில் ஜவ்பர் சேறடித்த வரவையில், வரம்பு கட்டிய அந்த வயற்துண்டில், தண்ணீர் ஒழுகாது என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார்கள். அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. சொந்தமாக ஒரு பழைய உழவு இயந்திரம் வைத்திருக்கிறார். மாரி தொடங்கியதும் அதன் பின்பக்க றப்பர்ச் சில்லுகளைக் கழற்றிவிட்டு, பட்டை பட்டையாக இரும்பு ஒட்டிய சில்லுகளைப் பூட்டுவார். தண்ணீர் கட்டிய வயலில் அந்தச் சில்லு உருளும்போது மேல்மண் கூழாகிவிடும். கூழுக்குக் கீழே, ஓர் அடி ஆழத்தில், மண் நெருங்கி நெருங்கி ஒரு படையாக இறுகும். ஜவ்பர் அதை அடித்தரை என்பார்.

நெல்லுக்கு அது வேண்டும். அடித்தரை இல்லாத வயலில் வாய்க்கால் தண்ணீர் எவ்வளவு விட்டாலும் கீழே போய்விடும். ஒரே வருடத்தில் அடித்தரை அமையாது. போகத்துக்குப் போகம் அதே ஆழத்தில், அதே கவனத்தில் சேறடிக்க வேண்டும். ஜவ்பர் அப்படித்தான் அடித்தார். வேலை முடிந்ததும் வயலின் நான்கு மூலையிலும் அடித்தரை வரைக்கும் சிறு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, தென்னோலை ஈர்க்கில் ஒன்றைக் குத்தி, நீர்மட்டத்தில் நகத்தால் கீறி வைத்துவிட்டுப் போவார். காலையில் வந்து பார்ப்பார். ஒரு விரற்கடைக்கு மேல் இறங்கியிருந்தால், வயற்காரர் ஒன்றும் கேட்காவிட்டாலும், திரும்ப ஒருமுறை அடித்துக் கொடுப்பார்.

அவருக்கு ஒரே மகள், ஷிஃபானா. அந்தப் பக்கத்து வழக்கப்படி கல்யாணத்தில் வீடும் காணியும் பெண் பேருக்குத்தான். வீட்டுக்கு எதிரேயிருந்த ஒரு ஏக்கர் வயலை ஜவ்பர் மகளுக்கு எழுதினார். அவர் கைபட்ட வயல்களில் அதுதான் மிகச் சிறந்தது. கல்யாணத்துக்கு அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்.

“வெளிநாட்டுல இரிக்கிற மாப்பிள்ளை எனக்கு வேணாம் வாப்பா. போனுக்குள்ள குடும்பம் நடத்த என்னால ஏலா.”

மாப்பிள்ளை றிகாஸ் கிண்ணியாக்காரன். கட்டாரில் ஆறு வருடம் வீதி வேலையில் றோலர் ஓட்டியவன். இனிப் போவதில்லை என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தான். நெல்லில் ஒரு குடும்பம் சீவிக்க முடியாது, வயலைத் தேசி, அதாவது எலுமிச்சை, தோட்டமாக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. ஷிஃபானாவிடம் வெளிப்படையாகவே சொன்னான்: “மூண்டு மாரி பாக்கிறன். மரம் நிண்டு பூத்திட்டா நான் எங்கயும் போகமாட்டன். இல்லாட்டி திரும்பிப் போகத்தான் வேணும். வேற தொழில் எனக்குத் தெரியா.”

அவள் ஒப்புக்கொண்டாள். ஜவ்பரும் ஒப்புக்கொண்டார். மண்ணைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

குழி வெட்டிய நாளில்தான் பிழை நடந்தது. நூற்றுப் பத்துக் கன்றுகள் வந்து தென்னை நிழலில் இருந்தன. றிகாஸ் முதற்குழியைத் தோண்டினான். ஓர் அடி இறங்கியதும் அலவாங்கு கிண்ணென்றது. இரும்பைத் தூக்கி இன்னும் பலமாகக் குத்தப் போனான். ஜவ்பர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நிப்பாட்டுங்க மருமகன். அது அடித்தரை.”

“ரெண்டடி வெட்டச் சொல்லித்தான் மாமா கண்டு வித்தவர் தந்த கடதாசியில போட்டிரிக்கி.”

“கடதாசி எழுதினவன் இந்த வயலுக்கு வந்தானா? முப்பது வருசம் கட்டின தரை இது. ஒடைச்சா ஊத்துற தண்ணியெல்லாம் பாதாளத்துக்குப் போயிரும். கண்டு என்னத்தக் குடிக்கும்?”

றிகாஸ் யோசித்தான். ஜவ்பர் அவனைச் சொல்லால் வெல்ல விரும்பவில்லை, காட்டிவிடவே விரும்பினார். அந்தக் குழிக்குள் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார். ஈர்க்கில் குத்தினார், கீறினார். மறுநாள் காலையில் தண்ணீர் அதே கீறலில் நின்றது.

“நஜ்மு, இங்க வாங்க! வந்து பாருங்க, ஒரு நூலளவும் எறங்கல்ல!” என்று மனைவி நஜ்முன் நிஸாவைக் கூப்பிட்டார்.

அவர் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். “ஏன், ஒங்கட மருமகன் தேசி நடப் போறாரா, மீன் வளர்க்கப் போறாரா?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். றிகாஸும் சிரித்தான். அவனும் நெற்காரன் மகன். குழியில் தண்ணீர் நின்றதைக் கண்டதும் அவனுக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. “தண்ணி புடிக்கிற மண்ணு மாமா. கோடையில பயமில்ல” என்றான். அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் நூற்றுப் பத்துக் குழிகளையும் ஓர் அடியோடு நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் எரு போட்டு, கன்றை நேராக வைத்து, சுற்றி மண் அணைத்தார்கள். ஒரு வரிசையும் கோணவில்லை. நெல் விதைக்கிற யாரும் அந்தக் குழியைக் கண்டு நல்ல குழி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

முதல் மாரியில் முப்பத்தொரு கன்று செத்தது. மழை விட்டுப் பத்து நாளாகியும் அடிமரத்தைச் சுற்றி ஈரம் வற்றவில்லை. இலை மஞ்சளாகிக் கொட்டியது. புதுக்கன்று வாங்கி நட்டார்கள். கோடை வந்ததும் நிலைமை தலைகீழானது. காலையும் மாலையும் ஷிஃபானா வாளி வாளியாக ஊற்றினாள். மத்தியானத்தில் இலைகள் சுருண்டுகொண்டன. பக்கத்து வயற்காரர் பூச்சி என்றார்கள். மருந்து அடித்தார்கள். ஒருவர் கண்ணூறு என்றார். அதற்கும் நஜ்முன் நிஸா செய்ய வேண்டியதைச் செய்தார்.

இரண்டாவது மாரியில் இன்னும் பல போயின. அறுபத்தெட்டு மிஞ்சியது. அப்போதுதான் ஜவ்பர், செத்த கன்று ஒன்றை இழுத்துப் பிடுங்காமல், சுற்றிவர மண்ணைக் கையால் கிளறி, முழு வேரோடும் எடுத்தார். வாளித் தண்ணீரில் வைத்து மெதுவாகக் கழுவினார். மண் கரையக் கரைய வேர் தெரிந்தது. ஆணிவேர் கீழே போகப் போக மெலிவதற்குப் பதிலாகத் தடித்திருந்தது. ஓர் அடியில் அது முழங்கை போல மடங்கித் திரும்பியிருந்தது. அதற்குக் கீழே ஒரு வேர்கூட இல்லை. பக்கவேர்கள் எல்லாம் தட்டையாகப் படர்ந்து, குழியின் சுவரைத் தொட்டதும் வளைந்து, சட்டிக்குள் வைத்த செடியைப் போலச் சுற்றிச் சுற்றி வந்திருந்தன. மண்வெட்டி ஈரக் களியில் பட்டு மினுக்கிய சுவர் அது. அதைக்கூட அவற்றால் துளைக்க முடியவில்லை. அடிப்பக்கத்து வேர்கள் கறுத்து, தொட்டதும் தோல் உரிந்தது.

அவர் அந்த வேரை வாழையிலையில் சுற்றி ஓட்டுக் கூரைக்குள் செருகிவைத்தார். மூன்றாம் நாள் அதை எடுத்துக்கொண்டு விவசாய அலுவலகத்துக்குப் போனார்.

அங்கிருந்து வந்த போதனாசிரியை பிரியதர்சினி, அன்புவழிபுரத்துப் பிள்ளை. அங்குலக் கோடு போட்ட, கூர் முனையுள்ள இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டு வந்தாள். தோட்டத்தில் பத்து இடத்தில் அதை அமுக்கினாள். ஓர் அடி வரை கையாலேயே இறங்கியது. அதன்பிறகு இரண்டு கையாலும் உடம்புப் பாரத்தைப் போட்டும் அசையவில்லை.

“வேர் நுனிக்கும் ஒரு பலம் இருக்கு, ஐயா” என்றாள். “அந்தப் பலத்தாலதான் மண்ணை விலக்கிக் கொண்டு போகும். அதை விட மண் இறுகினா, தடிச்சுப் பார்க்கும், பிறகு திரும்பிப் போகும். ஒரு வெடிப்போ, மண்புழு போன ஓட்டையோ, செத்த பழைய வேர் விட்ட வழியோ கிடைச்சால் அதுக்குள்ளால இறங்கும். இங்க அப்பிடி ஒண்டும் இல்லை. கோடையில போக ஏலாமல் தவிக்குது, மாரியில மூச்செடுக்க ஏலாமல் அழுகுது.”

“தண்ணி நிக்கிறது நல்லமெண்டு நினைச்சனான், மிஸ்.”

“நெல்லுக்கு நல்லம்தான். தேசிக்கு நிக்கக் கூடாது. முதலே கேட்டிருந்தால் மேடு கட்டி நடச் சொல்லியிருப்பன்.” அவள் கம்பியை இழுத்தெடுத்து மண்ணைத் துடைத்தாள். “இவ்வளவு ஒரே சீராய் இறுகின தரையை நான் பார்க்கேல்லை. இந்த வயலுக்கு யார் சேறடிக்கிறவர்?”

“நான்தான்.”

பிரியதர்சினி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கம்பியின் நுனியை இன்னொரு தடவை துடைத்தாள்.

பின்னால் நின்ற றிகாஸ்தான் பேசினான். “பத்துத் தொன் றோலரை வெச்சி நாங்க கட்டார்ல ஒரு மாசம் உருட்டுவம், மிஸ். இஞ்சினியர் வந்து அளந்து பார்த்து இறுக்கம் காணாது எண்டுவான். எங்கட மாமாவக் கூட்டிட்டுப் போயிருந்தா ஒரே நாளில பாஸ்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். ஷிஃபானா சிரிக்கவில்லை. மூன்று மாரியில் இரண்டு முடிந்துவிட்டதை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இனி மேடு கட்டிப் புதிதாக நட்டால் திரும்பவும் மூன்று வருடம்.

இருக்கிற மரங்களைக் காப்பாற்ற ஒரு வழியைப் பிரியதர்சினி சொன்னாள். கந்தளாய்ப் பக்கம் ஒருவரிடம் ஆழக் கலப்பை இருக்கிறது. இரண்டடி ஆழத்துக்கு நிலத்தைக் கீறிக்கொண்டு போகும். மண் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் இழுத்தால் கலப்பை போன வழியும் களியாக மெழுகிவிடும், இழுக்கிற இயந்திரத்தின் பாரம் வேறு இன்னும் இறுக்கிவிடும். வரிசைகளுக்கு நடுவால் இழுத்துப் பார்க்கலாம். நிச்சயம் என்று சொல்ல முடியாது.

ஜவ்பர் சிறுபோகம் தொடங்குமுன் ஆள் அனுப்பினார். கலப்பை வருமுன் வட்டவிதானை ஸைனுலாப்தீன் வந்துவிட்டார். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு விடுவது அவர் பொறுப்பு. பக்கத்து வயற்காரர் மூன்று பேரும் கூடவே வந்தார்கள். நஜ்முன் நிஸா கதிரைகளைப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். யாரும் கோபமாகக் கதைக்கவில்லை.

“ஜவ்பர், நீங்க ஒங்கட தரைய ஒடைக்கிறது ஒங்கட இஷ்டம்” என்றார் ஸைனுலாப்தீன். “ஆனா ஒங்கட வயல் நடுவில கிடக்கு. மூண்டு பக்கமும் தண்ணி கட்டுவாங்க. நடுவில நீங்க ஓட்டையப் போட்டா வரம்புக்குக் கீழால எல்லாத் தண்ணியும் ஒங்கட பக்கம்தான் வரும். நான் யாருக்கெண்டு பதில் செல்ற?”

“வரிசைக்கு நடுவில மட்டும்தான் காக்கா.”

“நடுவில ஒடைஞ்ச சட்டி, ஓரத்தில தண்ணி புடிக்குமா? நீங்களே செல்லுங்க. இது ஒங்கட தொழில். போன போகம் முனாஸ்ர வயலில மூலையில ரெண்டு விரற்கடை எறங்கிச்செண்டு திரும்ப அடிச்சுக் குடுத்த ஆள் நீங்க.”

முனாஸ் அங்கேயே இருந்தார். பிளேன்ரீயைக் கீழே வைத்துவிட்டு, “அதுக்கு டீசல் காசும் எடுக்கல்ல” என்றார், யாரையோ காட்டிக்கொடுக்கிற மாதிரி.

அவர்கள் சொன்னது சரி. ஜவ்பரே அந்தக் கதிரையில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். கந்தளாய்க்குப் போன் பண்ணி வேண்டாமென்றார்.

அந்தக் கோடையில் அவர் அலவாங்கை எடுத்தார். மரத்துக்கு நான்கு பக்கமும், அடிமரத்திலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, நான்கு துளைகள். இவ்வளவு சிறிய துளையால் பக்கத்து வயலுக்குப் பாதகம் வராது என்று ஸைனுலாப்தீனும் கண்டும் காணாமல் விட்டார். காய்ந்த அடித்தரை சீமெந்து போல இருந்தது. ஒரு குத்துக்குச் செதிள் செதிளாகத்தான் பெயரும். நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு மரம் முடியும். கை தாங்கினால் இரண்டு. துளைக்குள் மக்கிய வைக்கோலும் எருவும் திணிப்பார், மண் திரும்ப மூடிக்கொள்ளாமலிருக்க. றிகாஸ் பக்கத்து வரிசையில் குத்தினான். ஒருநாள் மத்தியானம் ஷிஃபானா தேத்தண்ணி கொண்டு வந்தபோது வாப்பாவின் உள்ளங்கையில் தோல் கழன்றிருந்ததைக் கண்டாள்.

“போதும் வாப்பா.”

“இன்னும் கிடக்கு மகள்.”

“இதால ஆகுமா?”

அவர் அலவாங்கின் நுனியைப் பார்த்தார். துளை மூன்று விரல் அகலம். அந்த வழி எங்கே இருக்கிறதென்று வேர் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் மாரி வந்துவிடும். “தெரியா” என்றார்.

ஜவ்பர் மட்டும் ஐம்பத்தொரு மரத்துக்குத் துளை போட்டிருந்தபோது மூன்றாவது மாரி வந்தது. அந்த வருடம் மழை ஒரே மூச்சாகப் பெய்தது. கரைந்த களிமண் துளைகளின் வாயை மூடியது. மேலே தண்ணீர் நின்றது. கீழே கசிந்ததோ இல்லையோ, யாருக்கும் தெரியவில்லை. தை மாதத்தில் பச்சையாக நின்றது ஒரேயொரு மரம், கிழக்கு மூலையில்.

அந்த மூலை ஜவ்பருக்கு நன்றாகத் தெரியும். அவர் வயலை எடுத்த காலத்தில் அங்கே ஒரு மருதமரத்தின் அடிக்கட்டை இருந்தது. அதை எரித்தார், வேர்கள் நிலத்துக்குள்ளேயே உக்கிப்போயின. பிறகு ஒவ்வொரு போகமும் அந்த மூலையில்தான் ஈர்க்கில் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு போகமும் அங்கே களிமண் போட்டு மிதித்துத் திருத்துவார். முப்பது வருடமாக அவரால் முழுதாக அடைக்க முடியாமல் போன மூலை அது. தேசி அதற்குள்ளால் இறங்கிவிட்டது. இலைகளுக்கிடையில் ஐந்தாறு வெள்ளைப் பூ.

றிகாஸ் அதைப் பார்த்தான். அன்றைக்கே கட்டாருக்குப் போன் எடுத்தான். பழைய கம்பனியில் இடமிருந்தது.

புறப்பட்ட காலையில் வேன் வாசலில் நின்றது. அவன் மாமனாரின் கையைப் பிடித்து ஸலாம் சொன்னான். “மாமா, ஒங்கட பிழையெண்டு நினைக்காதீங்க” என்றான்.

ஜவ்பர் தலையாட்டினார்.

வேன் திரும்பி மறைந்த பிறகு ஷிஃபானா சொன்னாள்: “வாப்பாட பிழைதான். ஆனா தெரிஞ்சு செய்யல்ல.” சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுக்கும் கணவனுக்கும் இடையில் கதை இப்போது போனில். பெரும்பாலும் அவன் வேலை முடிந்து வருகிற நேரம், சத்தம் விட்டு விட்டுக் கேட்கும். அவள் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பாள்.

காணியை வெறுமனே விட முடியாது. அடுத்த பெரும்போகத்துக்குத் திரும்ப நெல்லே போடுவோம் என்றாள். ஜவ்பர் செத்த மரங்களைப் பிடுங்கினார், இரும்புச் சில்லைப் பூட்டினார், தண்ணீர் கட்டினார், சேறடித்தார், பலகையால் சமப்படுத்தினார். நான்கு மூலையிலும் ஈர்க்கில் குத்தினார். மறுநாள் காலையில் நான்கிலும் கீறல் தண்ணீருக்கு மேலே நின்றது. வயல் முழுவதும் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. அவர் தன் கையால் குத்திய இருநூற்று நான்கு துளைகள். றிகாஸ் குத்தியதை அவர் எண்ணியிருக்கவில்லை. வேருக்கு வழிவிடாத துளைகள் தண்ணீருக்கு வழிவிட்டன.

துளை இருக்கிற இடத்தைச் சேற்றுக்குள் காலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கால் கொஞ்சம் புதைகிற இடத்தில் வைக்கோலைக் கிளறி எடுத்து, களிமண் உருண்டையைத் திணித்து, குதிக்காலால் மிதிப்பார். வரம்பால் போன ஸைனுலாப்தீன் நின்றார்.

“ஜவ்பர், ஆள் விடவா?”

“வேணாம் காக்கா. எங்க குத்தினனெண்டு எனக்குத்தான் தெரியும்.”

ஸைனுலாப்தீன், வாய்க்கால் நீரை வயலுக்குள் விடும் வக்கடையில், தண்ணீரை ஒரு மண்வெட்டி அளவு கூட்டிவிட்டுப் போனார். அவருடைய வழக்கத்தில் அது பெரிய விட்டுக்கொடுப்பு.

கடைசியில் மிஞ்சியது கிழக்கு மூலை. தண்ணீர் அதிகமாகப் போவது அங்கேதான். அடைக்க வேண்டுமென்றால் மரத்தைப் பிடுங்கி, வேர் போன வழியெல்லாம் தோண்டி, களி போட்டு இடிக்க வேண்டும். அவர் மண்வெட்டியோடு நின்றபோது ஷிஃபானா போனைக் கையில் பிடித்தபடி வரம்பால் வந்தாள். போனுக்குள் றிகாஸ், தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் வெயில்.

“மாமா, அந்த ஒரு மரம் எப்படி?”

ஷிஃபானா போனை மரத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். தேசிக்காய் பத்துப் பதினைந்து, கரும்பச்சையாய், சுண்டைக்காய் அளவில். அவனுக்குப் பின்னால் றோலர் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் நின்றுவிட்டது.

“அதத் தொடாதீங்க வாப்பா” என்றாள்.

“இது நிண்டா வயலில தண்ணி நிக்காது மகள்.”

“தெரியும்.”

அவர் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து மரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு வரம்பு கட்டினார். வயல் தண்ணீர் மேலால் உள்ளே வராது. கீழால் போவதைத் தடுக்க அவரிடம் வழியில்லை. அது அவருக்கும் தெரியும், வட்டவிதானைக்கும் தெரியும்.

நெல் விதைத்து இப்போது ஒரு மாதம். மேட்டுப் பக்கத்தில் பயிர் வெளிறித்தான் நிற்கிறது. ஜவ்பர் ஒவ்வொரு காலையும் ஈர்க்கிலைப் பார்க்கிறார். நேற்று இரண்டு விரற்கடை. இன்றும் இரண்டு. வக்கடையைத் திறந்து, இறங்கின அளவுக்குத் தண்ணீர் விட்டு, அது பரவும்வரை வரம்பில் குந்தியிருக்கிறார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தவறவிட்ட துளை ஏதும் இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்க்க இறங்குகிறார்.